ஐக்கியம் என்ற சொல்லும் உறவு என்ற சொல்லும்

மதுரையில் எங்கள் ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அக்கா, கடைசியில் போதகர் ஐயா கையை உயர்த்தி, ‘பரிசுத்த ஆவியினுடைய ஐக்கியமும் உங்கள் அனைவரோடும் இருப்பதாக’ என்று சொன்னாரே, அது ஐக்கிய நாடுகள் சபையில் வருகிற ஐக்கியமா?”

அதே சொல்தான் என்றேன். “அப்படியென்றால் என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறந்ததிலிருந்து வாராவாரம் காதில் விழுந்த சொல். அந்த ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்து ஆமென் சொல்லாத ஞாயிறு எனக்கு அரிது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு விளங்கும்படி அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஐக்கியம் வடசொல். ஏகம் என்பதிலிருந்து பிறந்தது. சுகம் சௌக்கியம் ஆவதுபோல ஏகம் ஐக்கியம் ஆகிறது. ஏகம் ஒன்று, ஐக்கியம் ஒன்றாயிருத்தல், ஒன்றாகிப்போதல். ஐக்கிய நாடுகள் என்னும்போது இந்தப் பொருள்தான். ஒருவர் கட்சி மாறினால் ‘அந்தக் கட்சியில் ஐக்கியமானார்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். சைவர்கள் சிவ ஐக்கியம் என்பார்கள்; உயிர் சிவத்தோடு இரண்டறக் கலந்துவிடுவது அது. அந்த இடத்தில் அந்தச் சொல் மிகப் பொருத்தமாக, ஆழமாக உட்காருகிறது. இரண்டு என்பதே இல்லாமல் போவதைத்தானே அது சொல்லவேண்டும்?

ஆனால் வேதாகமத்தில் ஐக்கியம் என்று நாம் படிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பது கொய்னோனியா. கொய்னோஸ் என்றால் பொது. பொதுவில் பங்கு வைத்திருப்பவன் கொய்னோனோஸ். லூக்கா நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்த அந்தக் காலை நேரத்தில், யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் ‘கூட்டாளிகள்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மூலத்தில் அங்கே இருப்பது கொய்னோனோஸ்தான். ஏரி ஒன்று, பாடுபட்டதில் பங்கு. ஆனால் சீமோன் சீமோன்தான், யோவான் யோவான்தான். ஒருவரில் ஒருவர் கரைந்துபோகவில்லை. கரைந்துபோனால் வலையின் மறுமுனையைப் பிடிக்க யார் இருப்பார்?

பேதுருவின் முதல் நிருபத்தில் இதே வேரிலிருந்து வரும் ஒரு வினையை, கிறிஸ்துவின் பாடுகளுக்கு ‘பங்காளிகளானதால்’ என்று தமிழில் பெயர்த்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் பங்காளி என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு தகப்பன் வழி வந்தவர்கள், ஒரே கிணற்றில் பங்கு உள்ளவர்கள், சிவராத்திரிக்கு ஒரே குலதெய்வக் கோயிலில் கூடுகிறவர்கள். சண்டை போட்டு இருபது வருடம் பேசாமல் இருந்தாலும், சாவு விழுந்தால் தலைமாட்டில் வந்து நிற்கவேண்டியவர்கள். மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் நம் மண்ணின் சொல்லைப் பிடித்துவிட்டார்கள். யோவானின் முதல் நிருபத்துக்கு வரும்போது அதே பொருள் ‘எங்களுடைய ஐக்கியம் பிதாவோடும் அவருடைய குமாரனாகிய இயேசுகிறிஸ்துவோடும் இருக்கிறது’ என்று ஆகிவிட்டது. வாசிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் பிடித்துப் பார்க்க எதுவும் இல்லை.

பிடி இல்லாத சொல்லை அமைப்புகள் எளிதாக எடுத்துக்கொள்ளும். இன்று நம் சபைகளில் ஐக்கியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சங்கம். பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம், அவற்றுக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு சந்தா நோட்டு. நல்ல வேலைகள் செய்கிற சங்கங்கள்தான். என் அம்மாவின் பிரசவத்துக்கு உதவியவர்கள் அவர்கள். இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். என் சித்தி ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தபோது சந்தா கட்டவில்லை. பெயர்ப்பட்டியலைப் புதுப்பிக்கும்போது அவர் பெயரை விட்டுவிட்டார்கள். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு மாதக் கூட்டத்தில்தான் அது அவருக்குத் தெரியவந்தது. “உங்களுக்கு இப்போது ஐக்கியம் இல்லை” என்று ஒருவர் வெகுளியாகச் சொன்னாராம். கிறிஸ்துவோடு ஒருவருக்கு இருக்கும் கட்டைக் குறிக்க வந்த சொல், நோட்டில் பெயர் இருப்பதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதே என்று அன்று எனக்கு நெஞ்சு வலித்தது.

இந்தத் தடுமாற்றம் நம் ஊருக்குப் புதிதல்ல. இத்தாலிய மறைப்பணியாளரான ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே இங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபையார், ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்ற பொருளில் கேட்பது வழக்கமாயிருந்தது. பிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக வழியாக வந்து தமிழில் பறங்கி ஆனது. கிறிஸ்துவிடம் வருகிறாயா என்பதும் இந்த அந்நியர் கூட்டத்தில் சேருகிறாயா என்பதும் ஒரே கேள்வியாகக் குழைந்துகிடந்தன. நோபிலி அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர் சாதி வேற்றுமைகளுக்கு இடம் கொடுத்ததை நான் ஏற்கவில்லை. அது வேறு கதை. ஆனால் ஒரு தவறான சொல் ஒருவரைக் கிறிஸ்துவிடம் சேரவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடும் என்று அவர் கண்டது உண்மை. அதற்குப் பிறகும் நம் கிராமங்களில் கிறிஸ்தவர் ஆனதை ‘வேதத்தில் சேர்ந்தார்கள்’ என்றே சொல்லிவந்தார்கள். அங்கும் சேருவதுதான் வினை. பட்டியலில் சேருவதா, ஒருவரிடம் போய்ச் சேருவதா என்பதைச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை.

சரி, ஐக்கியத்துக்குத் தமிழ் என்ன? 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு ‘நட்புறவு’ என்று வைத்தது. கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி தொடங்கும்போது ‘தூய ஆவியாரின் நட்புறவும்’ என்று சொல்லக் கேட்கலாம். ஐக்கியத்தைவிடப் பல மடங்கு நெருக்கம். ஆனாலும் இரு நாட்டுப் பிரதமர்கள் கைகுலுக்கும் செய்திகளிலும் அந்தச் சொல்லே புழங்குவதால் என் காதில் கொஞ்சம் சால்வை போர்த்தின வாடை அடிக்கிறது. நட்பை எடுத்துவிட்டு உறவு என்று மட்டும் நின்றால் போதும் என்று நினைக்கிறேன்.

உறவின் வேர் உறு. இந்தச் சின்ன வினைக்குள் எத்தனை பொருள்! தொடுவது உறுவது. போய்ச் சேருவது உறுவது. துன்பம் வந்து மேலே விழுந்தாலும் துன்பம் உற்றான் என்கிறோம். நிலைப்பதும் அதுவே, உறுதி அதிலிருந்து வந்தது. உற்றார், உறுதுணை, உறுப்பு எல்லாம் ஒரே கொடியில் பூத்தவை. மூதுரையில் ஔவையார் இந்த வேரை ஒரே பாட்டில் நான்கு முறை திருப்பிப் பார்க்கிறார்:

அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்
உற்றுழித் தீர்வார் உறவல்லர் – அக்குளத்தில்
கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே
ஒட்டி உறுவார் உறவு.

மேலூர், திருமங்கலம் பக்கம் கோடையில் கண்மாய் வற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு கண்முன் நிற்கும். தண்ணீர் இறங்க இறங்கக் கொக்கும் நாரையும் ஒரு நாள் எழுந்து போய்விடும். சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். கொட்டியின் கிழங்கு அந்தக் காய்ந்த மண்ணுக்குள்ளேயே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, அடுத்த மழைக்கு அங்கேயே இலை விடும். ‘உற்றுழி’ என்றால் துன்பம் உற்றபோது. ‘ஒட்டி உறுவார்’ என்றால் விலகாமல் கூடவே கிடந்து அந்தத் துன்பத்தையும் தாமே உறுகிறவர். அவரே உறவு.

இதை வைத்துக்கொண்டு பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைப் படித்தேன். ‘அவருடைய பாடுகளின் ஐக்கியத்தையும் அறிகிறதற்கும்’ என்ற வரி எனக்கு எப்போதும் புகைமூட்டமாகவே இருந்தது. அவர் உற்ற துன்பத்தில் அவரோடு உறவு என்று படித்தால் புகை விலகுகிறது. ஏனென்றால் முதலில் ஒட்டிக் கிடந்தவர் அவர். நம்முடைய வற்றிய குளத்துக்குள் இறங்கி வந்து, எழுந்து பறந்துபோகாமல் இருந்தவர். மதம் என்ற சொல்லுக்கு வடமொழியில் கருத்து, கொள்கை என்றுதான் அடிப்படைப் பொருள். கொள்கையோடு ஒத்துப்போகலாம், வாதாடலாம். அது நம் கட்டில் அருகில் வந்து உட்காராது.

‘தனிப்பட்ட உறவு’ என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். இயேசுவோடு உனக்குத் தனிப்பட்ட உறவு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி. நானும் அந்தக் கேள்வியில் விழுந்து எழுந்தவள். ஆனால் தனிப்பட்ட என்பது தமிழில் அந்த வேலையைச் செய்யவில்லை. தனிப்பட்ட பகை, தனிப்பட்ட காரணங்கள் என்னும்போது பிறர் தலையிடக் கூடாத ஒன்றைச் சொல்கிறோம். கிறிஸ்துவோடு தனிக்குடித்தனம் போவதுபோல ஒரு சாயல் அதில் விழுந்துவிடுகிறது. நம் வீடுகளில் ஒருவர் உறவு என்றால் அவருடைய ஆட்களும் நமக்கு உறவு. பழைய ஊழியர்கள் ‘சொந்த இரட்சகர்’ என்றது எனக்கு அதைவிடப் பிடிக்கும். சொந்தம் என்றால் எனக்கு உரியதும் ஆகும், இரத்த பந்தமும் ஆகும். வினையாகச் சொல்லவேண்டுமானால் உறவாடுதல் இருக்கிறது. கிறிஸ்துவோடு உறவாடுகிறாயா என்று கேட்டால் பதில் சொல்ல எந்த நோட்டையும் புரட்ட முடியாது. இன்று காலை அவரோடு பேசினாயா, இல்லையா என்றுதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உறவு என்ற சொல்லையும் அமைப்பு பிடித்துக்கொள்ளாதா என்று ஒருவர் கேட்கலாம். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மதுரையிலும் விருதுநகரிலும் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு போனால் ‘உறவின்முறை’ கண்ணில் பட்டுக்கொண்டே வரும். மகமை வசூலித்து, கோயிலும் பள்ளியும் நடத்துகிற சமூக அமைப்பின் பெயர் அது. ஆனால் அந்தச் சொல்லின் பின்பாதியைக் கவனியுங்கள். முறை. ஒழுங்கு, விதி, ஏற்பாடு எல்லாம் முறைதான். அதே முறை இன்னொன்றையும் குறிக்கிறது. கல்யாண வீட்டில் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்த புதியவரிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “நீங்கள் எங்களுக்கு என்ன முறை வேண்டும்?” மாமன் முறையா, சித்தப்பா முறையா, அண்ணன் முறையா? அது தெரியாமல் பேச்சே ஓடாது, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதே! முறை என்பது முதலில் ஒருவரைக் கூப்பிடும் சொல். சட்டமும் சடங்கும் பிறகு வந்து அதில் ஏறிக்கொண்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் சித்தி அப்பளம் போடுகிறவர். விடியற்காலை மாவைப் பிசைந்து உருட்டி, தேய்த்து, வாசலில் விரித்த வேட்டியில் ஒவ்வொன்றாகப் பரப்புவார். மேகம் கூடினால் போச்சு. ஆலயத்தில் ஜெபிக்கும்போது அவர் எல்லோரையும்போல ‘கர்த்தாவே, நீர் இரங்கும்’ என்பார். மதுரையில் வேறு யாரையும் யாரும் நீர் என்று கூப்பிடுவதில்லை. ஜெபத்துக்கென்றே எடுத்துவைத்த சொல் அது. வாசலில் அப்பளத்துக்கு முன்னால் குந்தியிருக்கும்போது அந்த நீர் காணாமல் போய்விடும். “ஏசப்பா, ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள், இதை மட்டும் காயவிடு. பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் பெய்.” பெற்ற தகப்பனிடம் பேசுகிற அதே நீ. பெயரை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த மறுநாள் காலையிலும் அவர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சந்தா நோட்டைப் பற்றி ஏசப்பாவிடம் ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. உளுந்து விலை ஏறியதைப் பற்றித்தான் சொன்னார்.

ஆசீர்வாத வார்த்தைகளில் ஐக்கியத்தை மாற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு ஆமென் சொன்ன சொல்லுக்கு ஒரு உரிமை உண்டு. பாடம் சொல்லும்போதும், ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும்போதும், புதிதாக எழுதும்போதும் உறவு என்றே வைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமி மறக்காமல் வந்து நின்றாள். ஐக்கியம் என்ற இடத்தில் உறவு என்று வைத்துச் சொல்லிப்பார் என்றேன். சொல்லிப்பார்த்தாள். உடனே, “அப்படியென்றால் இயேசு எனக்கு என்ன முறை வேண்டும், அக்கா?” என்று கேட்டாள். மாற்கு மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் திறந்து காட்டினேன். தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவன் எவனோ அவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயுமாய் இருக்கிறான் என்று அவரே முறை சொல்லிவைத்திருக்கிறார். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

“அப்போது எனக்கு அண்ணன் முறை. ஆனால் எங்கள் அப்பத்தா ஏசப்பா என்று கூப்பிடுகிறார்களே?”

இரண்டும் முறைதான் என்றேன்.