மெத்தா என்றால் இரக்கம் இல்லை

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்குள் மூன்று நாள் பௌத்த தியான முகாம். துண்டறிக்கையில் 'அன்பான இரக்கத் தியானம்' என்று போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். இந்த முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலக்கோட்டு அம்மா ஒருவர் கேட்டேவிட்டார்: "முதல்ல உங்களை நினைச்சுக்குங்கன்னு சொல்றீங்களே சார், என்மேல நானே இரக்கப்படணுமா?" பயிற்சி தருபவர் தடுமாறினார். அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி.

இந்தத் தியானத்தின் மூலச் சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் மெத்தா, வடமொழியில் மைத்திரி. மித்திரன் என்றால் நண்பன். நண்பனிடம் நமக்கு இருக்கும் மனம்தான் மைத்திரி. ஆங்கிலத்தில் அதை 'லவிங் கைண்ட்னஸ்' ஆக்கினார்கள். நம்மவர்கள் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து 'அன்பான இரக்கம்' ஆக்கிவிட்டார்கள்.

பௌத்தம் மெத்தா, கருணா, முதிதா (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கா (சமநிலை) என்று நான்கைத் தனித்தனியாக வைக்கிறது. துன்பப்படுகிறவரைக் கண்டு உருகுவது இரண்டாவது. இரக்கத்தை முதலாவதிலேயே செலவழித்துவிட்டால் கருணைக்கு என்ன சொல்வது? அதோடு, இரக்கப்படுகிறவர் ஒரு படி மேலே நிற்கிறார். நம் தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது இரக்கப்பட்டா? சாவை நீக்கும் கனியின் பெருமையை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்று ஔவையே பாடுகிறார் (புறநானூறு 91). அது நட்பு.

வெறும் 'அன்பு' போதாதா என்பார்கள். அன்பு சட்டென்று பற்றாக மாறிவிடும். 5ஆம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் மெத்தாவின் கிட்டத்துப் பகை, அதாவது அதைப் போலவே தோன்றி ஏமாற்றுவது, என்று ராகத்தைத்தான் (பற்றை) சொன்னார். வெறுப்பு தூரத்துப் பகை. 'நேயம்' என்பதும் எனக்கு ஒப்பாது. அதன் மூலமான 'ஸ்நேஹ' என்ற சொல்லுக்கு எண்ணெய் என்றும் பொருள் உண்டு. அந்த ஒட்டுதல்தான் இங்கே வேண்டாதது.

மணிமேகலையின் 30ஆம் காதை 'மைத்திரி கருணா முதிதை' என்று பிரித்தே சொல்லி, செற்றம் (பகை) அறுக என்கிறது. வடசொல் வேண்டாம் என்றால் கேண்மை இருக்கிறது. கேள் என்றால் உறவு, நட்பு இரண்டும். 'யாவரும் கேளிர்' என்ற வரி பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதைவிடச் சுருக்கமாக மெத்தாவைச் சொல்ல முடியாது. அப்படியிருக்கக் கேண்மை என்றால் யாருக்கும் புரியாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 'மைத்திரி பாவனை' என்று மட்டும் எழுதாதீர்கள். பாவனை என்றால் வளர்த்தல்தான், ஆனால் அந்தச் சொல் இன்று பாசாங்காகிவிட்டது. கேண்மை வளர்த்தல் என்று எழுதலாம்.

அதே துண்டறிக்கையில் மைண்ட்ஃபுல்னஸுக்கு ஓரிடத்தில் 'மனநிறைவு', இன்னோரிடத்தில் 'நினைவாற்றல்'. மனநிறைவு திருப்தி. நினைவாற்றலை நம்பி ஒரு அப்பா, பத்தாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் நாளே திரும்பிப் போனார்கள். பழைய உரைகளில் 'கடைப்பிடி' என்றால் கொண்ட பொருளை மறவாமை. அதுகூட வேண்டாம், 'விழிப்பான கவனம்' என்று போட்டிருந்தாலே அவர் புரிந்துகொண்டிருப்பார்.

அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.