திருப்பணிக்கு முன் சுவரைப் பதிவு செய்யுங்கள்

கலை வரலாற்றை முதுகலைப் பாடமாக எடுக்க விரும்பும் மாணவர்களின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது வேலைவாய்ப்பைப் பற்றித்தான். அருங்காட்சியகம், தொல்லியல் துறை, பல்கலைக்கழகம், கலைப்பொருள் பாதுகாப்பு ஆய்வகம் எனப் பணியிடங்கள் உண்டு. அவை குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இந்தப் படிப்பின் மூலச் சான்றுகளே வட சென்னையில் பழுதுபார்ப்பின் பெயரால் அழிந்துவருவது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் கஜபிருஷ்ட விமானம், அதாவது யானையின் பின்புறம்போல் வளைந்த விமானம், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. சதுரானன பண்டிதர்கள் என்ற சைவத் துறவிகளின் மடத்தைப் பற்றியும் பாணினியின் வடமொழி இலக்கணம் விளக்கப்பட்ட மண்டபத்தைப் பற்றியும் நாம் அறிவது அக்கோயிலின் கல்வெட்டுகளால்தான். எந்தக் கோயிலானாலும், கல்லில் படிந்த பழைய பூச்சை அகற்ற மணலை அழுத்தத்துடன் பீய்ச்சி அடித்தால், பூச்சோடு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் உளித்தடமும் தேய்ந்துபோகும். தேய்ந்த எழுத்திலிருந்து நல்ல மைப்படி (கல்லில் ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் படி) எடுக்க எந்த வல்லுநராலும் இயலாது.

செங்கல் கட்டடங்களுக்கு வரும் கேடு வேறு வகையானது. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், சுண்ணாம்புக் காரையால் கட்டி, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. கடலோர மண்ணிலிருந்து உப்புநீர் சுவரில் ஏறுவதைத் தடுக்க முடியாவிட்டாலும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியேற விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். வெளிப்பூச்சு உறுதியாகத் தெரிவதால் வீட்டுக்காரர் இதை அறிய நெடுநாள் ஆகும். இந்த ஒரு காரணத்துக்காகவே வேதியியல் படித்தவர்கள் எங்கள் துறைக்கு வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியங்களை ஆராய்ந்த எஸ். பரமசிவன், சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளரே.

கோயிலிலோ வீட்டிலோ வேலை தொடங்கும் முன், ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பழைய காரையில் ஒரு கைப்பிடியை இடம், தேதி எழுதிய உறையில் எடுத்து வையுங்கள். புதுக் காரையின் கலவையை முடிவுசெய்ய அது உதவும். பூச்சுக்கு அடியில் எழுத்தோ வண்ணமோ தென்பட்டால், அந்த இடத்தில் வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள்.