ஒரு மில்லிமீட்டரும் பதினொரு லெக்கும்: டார்ட்ஸில் நட்சத்திர வீரர்கள் தோற்பது எப்படி?

2024 ஜனவரியில் பஹ்ரைனில் 16 பேர் டார்ட்ஸ் ஆடினார்கள், அதாவது சிறு கூர்முனை அம்புகளை (டார்ட்) வட்டப் பலகையில் எறியும் ஆட்டம். எட்டுப் பேர் உலகின் முன்னணித் தொழில்முறை வீரர்கள். மற்ற எட்டுப் பேர் ஆசிய நாடுகளின் பிரதிநிதிகளாக வந்தவர்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு நட்சத்திர வீரருக்கும் எதிரே ஓர் ஆசிய வீரர் நின்றார். முதலில் 6 லெக் (ஆட்டத்தின் ஒரு சிறு பகுதி) வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார், தோற்றவர் ஊருக்குத் திரும்புவார்.

பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு 2013 முதல் நடத்திவரும் ‘வேர்ல்டு சீரீஸ்’ தொடரின் ஒரு கட்டம் இது. துபாயில் தொடங்கிய தொடர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, போலந்து என்று பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. இப்போதைய வடிவத்தில், எந்தப் பகுதியில் நடக்கிறதோ அந்தப் பகுதியின் வீரர்கள் தகுதி பெற்று, உலக நட்சத்திரங்களை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். முதல் சுற்று வெறும் சடங்கு, உள்ளூர்க்காரர்கள் தோற்பதற்கென்றே மேடை ஏறுகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கணக்கும் அதை ஏற்கவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இருவரும் 501 புள்ளிகளில் தொடங்கி, மாறி மாறி மும்மூன்று டார்ட் எறிந்து, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சரியாகப் பூஜ்யத்தைத் தொடுபவருக்கு அந்த லெக். கடைசி டார்ட் மட்டும் போர்டின் வெளி விளிம்பில் உள்ள, இருமடங்கு புள்ளி தரும் ‘டபுள்’ வளையத்திலோ நடுப்புள்ளியான ‘புல்’லிலோ விழ வேண்டும். ஒரு டார்ட்டில் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் ட்ரிபிள் 20 (20 என்ற எண்ணுள்ள துண்டில் மும்மடங்கு புள்ளி தரும் சிறு கட்டம்), அதாவது 60. மூன்றும் அங்கேயே விழுந்தால் 180.

அந்த ட்ரிபிள் 20 எவ்வளவு பெரியது? போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். வீரர் நிற்கும் கோட்டுக்கும் போர்டின் முகப்புக்கும் இடையே 2.37 மீட்டர். போர்டு 18 பாகைகள் கொண்ட 20 துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. மையத்திலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி ட்ரிபிள் வளையம். அங்கே ஒரு துண்டின் அகலம் சுமார் 32 மில்லிமீட்டர், உயரம் வெறும் 8 மில்லிமீட்டர். சுண்டுவிரலை அதன்மேல் படுக்க வைத்தால் கட்டம் மறைந்துபோகும்.

இவ்வளவு தட்டையான இலக்கு என்பதால், டார்ட்ஸ் பெரும்பாலும் மேல்-கீழ்ப் பிழையின் ஆட்டமாகிவிடுகிறது. இடம் வலமாக 16 மில்லிமீட்டர் பிசகினாலும் 20-இலேயே இருக்கலாம். மேலோ கீழோ 4 மில்லிமீட்டர் பிசகினால் 60 கிடைக்க வேண்டிய இடத்தில் 20 தான்.

மேல்-கீழ்ப் பிழை எங்கிருந்து வருகிறது? ஓர் எளிய கணக்கு போடுவோம். கையிலிருந்து விடுபட்ட டார்ட் சுமார் 2 மீட்டர் பறக்கிறது, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் புவியீர்ப்பு அதை சுமார் 54 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். வேகம் ஒரே ஒரு சதவீதம் கூடினால் பறக்கும் நேரம் ஒரு சதவீதம் குறையும். கீழிறங்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு சதவீதம் குறையும். அதாவது 11 மில்லிமீட்டர். கட்டத்தின் முழு உயரமே 8 தான்! நடுவில் குறிவைத்துக் கட்டத்துக்குள் தங்க வேண்டுமென்றால் வேகத்தில் 0.4 சதவீதப் பிழைக்குக்கூட இடமில்லை. நிஜத்தில் வீரர்கள் சற்று மேல்நோக்கி எறிவார்கள். அப்போது எண்கள் கொஞ்சம் மாறும், சிக்கலின் அளவு மாறாது.

விடுவிக்கும் நேரம் இன்னும் பயமுறுத்தும். முழங்கையை மையமாக வைத்து, 40 சென்டிமீட்டர் ஆரத்தில், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கை சுழல்கிறது என்றால், ஆயிரத்தில் ஒரு நொடியில் அதன் திசை ஏறக்குறைய ஒரு பாகை மாறிவிடும். ஒரு பாகை என்பது போர்டில் 3 சென்டிமீட்டருக்கும் மேல். இப்படிப் பார்த்தால் மனிதக் கையால் இந்த ஆட்டம் சாத்தியமே இல்லை என்று தோன்றும். ஆனால் கை வெறும் திசைகாட்டி முள் அல்ல. அது நகரும்போது விடுபடும் இடமும் வேகமும் திசையும் சேர்ந்தே மாறுகின்றன, ஒன்றின் பிழையை இன்னொன்று ஈடுகட்ட முடியும். 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தேர்ந்த வீரர்களின் எறிதலை அளந்தபோது இரண்டு வழிகளைக் கண்டார்கள். சிலர் விடுவிக்கும் நேரத்தை மிகத் துல்லியமாகக் கட்டுப்படுத்துகிறார்கள். வேறு சிலர் நேரம் சற்றுப் பிசகினாலும் டார்ட் அதே இடத்துக்குப் போகும்படியான பாதையில் கையை நகர்த்துகிறார்கள். ஒரே இலக்கை உடல் இரண்டு விதமாகத் தீர்த்துவைத்திருக்கிறது என்பது எனக்கு இந்த ஆட்டத்தின் மிக அழகான செய்தி.

டார்ட்டும் தன் பங்குக்கு உதவுகிறது. பின்னால் உள்ள இறகு காற்றின் விசையைப் பின்னுக்கு வைத்து, முனை சாய்ந்தாலும் நேராக்கிவிடும். உடல்பகுதி டங்ஸ்டனால் ஆனது. பித்தளையைவிட இருமடங்குக்கும் அதிக அடர்த்தி என்பதால், அதே எடையை ஒல்லியாகச் செய்யலாம். 8 மில்லிமீட்டர் உயரக் கட்டத்தில் மூன்று டார்ட்டுக்கும் இடம் கிடைக்கும்.

இனி நட்சத்திரத்துக்கும் தகுதிச்சுற்று வீரருக்கும் உள்ள இடைவெளிக்கு வருவோம். ஒருவர் ஒரே புள்ளியைக் குறிவைத்து ஆயிரம் முறை எறிந்தால், டார்ட்கள் அதைச் சுற்றி இயல்நிலைப் பரவலாகச் சிதறும் என்று கொள்ளலாம். அந்தச் சிதறலின் பரப்பைச் சொல்லும் அளவான திட்ட விலக்கம் எல்லாத் திசையிலும் 7.5 மில்லிமீட்டர் என்றால், ட்ரிபிள் 20-இல் விழும் வாய்ப்பு சுமார் 39 சதவீதம். சிதறல் 8.5 மில்லிமீட்டர் ஆனால் வாய்ப்பு 34 சதவீதம். மூன்று டார்ட்டுக்கு முதலாமவர் சராசரியாக 105 எடுப்பார், இரண்டாமவர் 98. லெக்கை முடிக்க டபுள் தேடும்போது வீணாகும் டார்ட்களையும் சேர்த்தால் இந்தச் சராசரிகள் 98, 90 என்ற அளவுக்கு இறங்கும். டார்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை: 98 எடுப்பவர் உலகின் முதல் வரிசையில் இருப்பார், 90 எடுப்பவர் தன் நாட்டில் பெயர் பெற்றவராக இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர்.

சிதறல் மிக அதிகமானால் குறியையே மாற்ற வேண்டும். 20-இன் இருபுறமும் 1, 5 என்ற சிறிய எண்கள் காத்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரயன் டிப்ஷிரானி உள்ளிட்ட மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்ட விலக்கம் 16.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் ட்ரிபிள் 20-ஐவிட ட்ரிபிள் 19-ஐக் குறிவைப்பதே லாபம். சிதறல் மேலும் கூடக்கூட, சிறந்த குறி மெல்ல நகர்ந்து நடுப்புள்ளிக்குச் சற்றே கீழே, இடப்பக்கம் வந்து நிற்கும். புதிதாக ஆடுபவர்கள் இதைப் பின்பற்றலாம். வேர்ல்டு சீரீஸ் மேடைக்கு வரும் எவரும் அந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பவர்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டர் ஒரு லெக்கில் என்ன செய்கிறது? 98 சராசரிக்காரர் 501-ஐ முடிக்க ஏறக்குறைய 15.3 டார்ட் வேண்டும். 90 சராசரிக்காரருக்கு 16.7. வித்தியாசம் 1.4 டார்ட், அரை முறைகூட இல்லை. ஆனால் லெக்கை முதலில் தொடங்குபவருக்குக் கையில் ஒரு முழு முறை, அதாவது மூன்று டார்ட், கூடுதலாகக் கிடைக்கிறது. இருவரும் அதே எண்ணிக்கையிலான முறைகளில் முடித்தால் தொடங்கியவரே வெல்வார். தகுதிச்சுற்று வீரர் தான் தொடங்கும் லெக்குகளை விடாமல் பிடித்துக்கொண்டால் ஆட்டத்தில் கடைசிவரை இருப்பார் என்பதற்கு இதுவே காரணம். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் நடுப்புள்ளியை நோக்கி எறிந்து, யார் நெருக்கம் என்று பார்ப்பார்கள். வென்றவர் 1, 3, 5 என்று ஒற்றைப்படை லெக்குகளைத் தொடங்குவார். பதினொரு லெக்கும் ஆடப்பட்டால் அவருக்கு 6, எதிராளிக்கு 5. யாரும் எதிராளி தொடங்கிய லெக்கைப் பறிக்காவிட்டால், அந்த ஒற்றை எறிதலே ஆட்டத்தைத் தீர்மானித்துவிடும்.

இப்போது நீளத்தைப் பார்ப்போம். தொடங்கும் முறையைச் சராசரியாக்கி, நட்சத்திர வீரர் ஒரு லெக்கை வெல்லும் நிகழ்தகவு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே லெக் ஆடினால் உள்ளூர் வீரருக்கு 40 சதவீத வாய்ப்பு. 11-இல் 6 வெல்ல வேண்டும் என்றால் அது 25 சதவீதமாகக் குறையும். பிளாக்பூலில் நடக்கும் வேர்ல்டு மேட்ச்பிளே இறுதியாட்டம் போல 18 லெக் வெல்ல வேண்டும் என்றால் சுமார் 11 சதவீதம். திறமை மாறவில்லை, ஆட்டத்தின் நீளம் மட்டுமே மாறியது. ஒவ்வொரு லெக்கும் தற்செயலின் கலப்பு நிறைந்த ஓர் அளவீடு. அளவீடுகள் கூடக்கூட தற்செயல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மில்லிமீட்டர் மேலே தெரியத் தொடங்கும்.

இதே கணக்கை முதல் சுற்றின் எட்டு ஆட்டங்களுக்கும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் வெல்ல 75 சதவீத வாய்ப்பு. எட்டுப் பேருமே வெல்ல? 0.75-ஐ எட்டு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.1. ஆக, எந்தத் தனி ஆட்டத்திலும் நட்சத்திரத்தின் பக்கம் நிற்பதே சரி, ஆனால் ஒருவராவது கவிழ்வதற்கு 90 சதவீத வாய்ப்பு. சராசரியாக இரண்டு பேர் கவிழ வேண்டும். மறுநாள் செய்திகளில் ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதுவார்கள். அப்படி ஒன்றுகூட நிகழாத முதல் சுற்றுதான் உண்மையில் அபூர்வம். அதே சமயம், ஒரு குறிப்பிட்ட உள்ளூர் வீரர் இதே விகிதத்தில் நான்கு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்க 0.4 சதவீத வாய்ப்புதான்.

இந்தக் கணக்கில் வராதவையும் உண்டு. பி.டி.சி. சுற்றில் ஆடும் உரிமை அட்டை 128 பேரிடம் இருக்கிறது. 2024-இல் அவர்களுக்கு பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகள் மட்டும் 30 இருந்தன. உலகின் சிறந்தவர்களோடு ஆண்டு முழுக்க மோதுகிறார்கள். ஆசியாவில் பலர் மின்னணுப் பலகையில், பிளாஸ்டிக் முனை டார்ட்டில் வளர்ந்தவர்கள். அங்கே நிற்கும் தூரம் 2.44 மீட்டர், பல ஆட்டங்களில் டபுளில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 7 சென்டிமீட்டர் நெருங்கி வந்தால் பழகிய வளைவே மாறுகிறது. டபுள் கட்டமும் 8 மில்லிமீட்டர்தான். முன்னணி வீரர்களே பத்தில் நான்கு முறை அதைத் தொட்டால் நல்ல நாள். அதனால்தான் கணக்குத் தெரிந்தவர்கள் மீதி 32-ஐ விரும்புவார்கள். டபுள் 16-ஐத் தவறவிட்டு உள்ளே 16-இல் விழுந்தால் டபுள் 8, பிறகு டபுள் 4, டபுள் 2 என்று பாதியாகிக்கொண்டே போகும். இடையில் ஒரு டார்ட்டைச் செலவிட்டு ஒற்றைப்படையைச் சரிசெய்ய வேண்டியதில்லை.

பஹ்ரைனில் அந்த ஆண்டு கோப்பை முன்னணி வீரர்கள் பக்கமே போனது. 16 வயது லூக் லிட்லர் தன் முதல் வேர்ல்டு சீரீஸ் போட்டியிலேயே, காலிறுதியில் ஒன்பது டார்ட்டில் ஒரு லெக்கை முடித்து, இறுதியில் மைக்கேல் வான் கெர்வெனை 8–5 என்று வென்றார். ஆனால் 2019-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த வேர்ல்டு சீரீஸ் போட்டியில் கதை வேறு. பெர்த் நகரில் கூரை வேலை செய்துவந்த டேமன் ஹேட்டா, இறுதியாட்டத்தில் 2018-இன் உலகச் சாம்பியன் ராப் கிராஸைச் சந்தித்தார். பதினைந்து லெக்கும் ஆடப்பட்டன. 8–7 என்று ஹேட்டா வென்றார்.

அது தற்செயலா, திறமையா? ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகான நூற்றுக்கணக்கான லெக்குகள்தான் பதில் சொல்லும், சொல்லவும் செய்தன. 2020-இல் ஹேட்டா உரிமை அட்டை பெற்று முழுநேர வீரரானார். 2022-இல் சைமன் விட்லாக்குடன் இணைந்து ஆஸ்திரேலியாவுக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். அவருடைய சிதறல் உலக வரிசைக்கு உரியதுதான், பிரிஸ்பேனில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

2024 டிசம்பரில் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஹேட்டாவே 501-ஐ ஒன்பது டார்ட்டில் முடித்தார், அதற்குமேல் வேகமாக முடிக்க யாராலும் முடியாது. அதற்குக் கணக்கில் கிடைத்தது ஒரு லெக் மட்டுமே. ஆட்டம் ஏழு செட் (சில லெக்குகள் சேர்ந்தது ஒரு செட்) வரை நீண்டது. லூக் வுட்ஹவுஸ் 4–3 என்று வென்றார்.