"லேசாகத்தான் ஊன்றுகிறேன்" என்பவர்களுக்கு

கால் எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் "கால்வாசி எடை மட்டும் ஊன்றலாம்" என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். பிசியோதெரபிக்கு வரும்போது எல்லோரும் சொல்வது, "லேசாகத்தான் ஊன்றுகிறேன்." பொய் சொல்வதில்லை, அந்தக் காலில் எத்தனை கிலோ இறங்குகிறது என்பது நமக்கே சரியாகத் தெரியாது.

அதனால் எடை மெஷினில் பார்ப்போம். அடிபட்ட கால் மெஷின் மேல், மற்றது அதே உயரமுள்ள பலகை மேல், கைகள் வாக்கரில். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கால்வாசி என்றால் 17, 18 கிலோ. சும்மா இரண்டு காலிலும் சமமாக நின்றாலே 35 கிலோ இறங்கிவிடும்! முள் நகரும் பழைய மெஷின்தான் இதற்கு வசதி. டிஜிட்டல் மெஷின் பல நேரம் ஒரு எண்ணிலேயே நின்றுவிடும். நீங்களே குனிந்து பார்த்தால் உடல் சாய்ந்து அளவு மாறும், வேறொருவர் படித்துச் சொல்லட்டும்.

சரி, நின்றபடி 18 கிலோ பழகியாயிற்று. நடந்தால்? நல்ல காலைத் தூக்கும் நொடியில் மீதி 52 கிலோவையும் கைகள்தான் தாங்க வேண்டும். கைகள் தாங்காததெல்லாம் அடிபட்ட காலுக்குத்தான் போகும். அடி வைக்கும் வேகமும் அதோடு சேரும். அதனால் நடப்பவரின் காலைவிடக் கையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். வாக்கரைப் பிடித்திருக்கிறாரா, அழுத்துகிறாரா? கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருந்து, முழங்கை சற்று மடங்கினால்தான் அழுத்த வரும். கை அலுங்காமல், பேசிக்கொண்டே நடந்தால் அளவு தாண்டிவிட்டது என்றே நினைப்பேன்.

"வலித்தால் நிறுத்திக்கொள்கிறேன்" என்பதும் போதாது. வலி மாத்திரை போட்டிருந்தாலோ, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தாலோ வலி வந்து எச்சரிக்காது. அளவை எப்போது கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், இதற்கு நேர் எதிரானவர்களும் உண்டு. முழு எடையும் ஊன்றலாம் என்று சொன்ன பிறகும் அந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள், தொடைத் தசை இளைத்துக்கொண்டே போகும். நாற்காலியிலிருந்து எழும்போது பாருங்கள்: நல்ல காலைப் பின்னுக்கு இழுத்து அதன் பலத்திலேயே எழுவார்கள். இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து எழச் சொன்னால், அந்தக் காலும் வேலையில் பங்கெடுக்கத் தொடங்கும்.