மறுக்காவிட்டால் எச்.ஐ.வி. பரிசோதனை: எங்கே சறுக்குகிறது?

மருத்துவமனைக்கு வரும் எவருக்கும், மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.க்கும் பார்க்கலாமா? 'இதையும் எடுக்கிறோம், வேண்டாமென்றால் சொல்லுங்கள்' என்ற முறையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-இல் 13 முதல் 64 வயதினருக்குப் பரிந்துரைத்தது; தனி ஒப்புதல் படிவம் தேவையில்லை என்றது. வாதம் அதன்பின் வலுத்தது.

ஆதரிப்போரின் காரணம் உறுதியானது. தொற்று பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் இருக்கும். 'ஆபத்தில் இருப்பவர்களை' மட்டும் சோதித்தால், தனக்கு வராது என்று நம்பியவர் விடுபடுவார். எதிர்ப்பாற்றல் குறையும்வரை காத்திராமல் உடனே மருந்து தொடங்குவதே நல்லது என 2015-இல் வெளியான ஆய்வும் காட்டியது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு லட்சம் பேரில் 100 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்றில்லாதவர்களில் 99.8 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் கருவி, மீதி 99,900 பேரில் சுமார் 200 பேருக்குத் தவறாக 'உண்டு' எனக் காட்டும். அதாவது 'உண்டு' என்று வந்தவர்களில் மூவருக்கு ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று. அதே லட்சத்தில் 5,000 பேருக்குத் தொற்று இருந்தால், தவறானவை 190 மட்டுமே; முடிவு பெரும்பாலும் சரி. கருவி மாறவில்லை, சோதிக்கப்படும் கூட்டம்தான் மாறியது.

அதனால் முதல் முடிவை ஒருபோதும் நோயாளியிடம் 'உங்களுக்கு எச்.ஐ.வி.' என்று சொல்லக்கூடாது. அதே கருவியால் மறுபடி பார்ப்பதும் வீண். கருவி தேடுவது எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் ரத்தத்தில் உண்டாக்கும் பொருளை; முதல் தவறுக்குக் காரணமான, வேறெதற்கோ உண்டான அதே எதிர்ப்பொருள் கருவியிலுள்ள புரதத்தில் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். வேறு புரதங்களைக் கொண்டு செய்த கருவி வேண்டும். மூன்று வெவ்வேறு கருவிகளும் அடுத்தடுத்து 'உண்டு' எனக் காட்டிய பிறகே உறுதிசெய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

'இல்லை' என்பதிலும் கவனம் தேவை. எச்.ஐ.வி. கிருமியின் பி24 என்ற புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகப் பரிசோதனை, தொற்றியபின் 18 முதல் 45 நாட்களில் கண்டறியும். விரல் நுனி ரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாட்கள் ஆகலாம். போன வாரத் தொற்றை இரண்டும் காட்டா.

எதிர்ப்போர் கேட்கும் கேள்வியும் நியாயமே: மருத்துவருக்கு அஞ்சி வாய் மூடியிருப்பது சம்மதமா? படிவத்தை நீக்கியது சரி என்றே நினைக்கிறோம்; வாயால் சொல்வதை நீக்கக்கூடாது. என்ன பரிசோதனை, முடிவை யார் யார் பார்ப்பார்கள், மறுத்தாலும் சிகிச்சை தொடரும் — இம்மூன்றையும் உறவினர்கள் அருகில் இல்லாதபோது சொல்ல இரண்டு நிமிடம் போதும். தொற்று உறுதியானால் ஏழு நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். கடும் தலைவலி போன்ற மூளை உறை அழற்சியின் அறிகுறிகள் இருந்தால் மட்டும், அதை முதலில் கவனித்த பிறகு.