‘ஆர்டினரிலி ரெசிடென்ட்’: சாதாரணமா, வழக்கமா?

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். பங்காளிகள் பாதிப் பேர் சென்னையில், மீதி மலேசியாவில். கலியாணம் காட்சி என்றால்தான் பூட்டைத் திறப்பார்கள். இந்த முகவரியில் யாருக்கு ஓட்டு?

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற அந்தத் தொகுதியில் ‘ஆர்டினரிலி ரெசிடென்ட்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது. இதைச் ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கேட்டால் ஏதோ ஆடம்பரம் இல்லாமல் எளிமையாக வாழ்பவர் மாதிரி இருக்கிறது, தேக்குத் தூண் வீட்டுக்காரருக்கு ஓட்டே கிடையாதோ என்று தோன்றும்!

இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. ‘ரெசிடென்ட்’டின் வேரில் இருப்பது உட்காருதல், தங்குதல். ‘ஆர்டினரி’யின் வேர் ‘ஓர்டோ’, அதாவது வரிசை, ஒழுங்கு. ஆக இங்கே அதற்குப் பொருள் வழக்கமாக என்பதுதான். ‘வழக்கமாகக் குடியிருப்பவர்’ என்பதே சரி. எங்கள் பக்கம் ‘ஆள் புழங்குகிற வீடு’ என்போமே, சட்டம் தேடுவது அந்தப் புழக்கத்தைத்தான்.

வீடு சொந்தம் என்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார், 20ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே குடியிருப்பு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்பதில்தான் சண்டையே வருகிறது.

இன்னொரு குழப்பம், குடியிருப்பையும் குடியுரிமையையும் ஒன்றாக்குவது. இரண்டும் ‘குடி’யில் பிறந்தாலும் கேள்வி வேறு: ஒன்று எங்கே இருக்கிறாய், மற்றது எந்த நாட்டவன். ஆதார் இரண்டாவதற்குச் சான்று ஆகாது, ஆதார் சட்டமே சொல்கிறது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரைக் குடிமகன் அல்ல என்று நீக்க வேண்டுமானால், 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும்.

சரி, அந்த மலேசியப் பங்காளி? இந்த ஊர் முகவரி போட்ட இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் வைத்திருந்தால், வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கான 6ஏ படிவம் கொடுத்து அந்த முகவரியிலேயே வாக்காளர் ஆகலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் இங்கே ஓட்டு இல்லை. நகரத்தார் கோயில் கணக்கில் மட்டும் அவர் அப்போதும் ஒரு ‘புள்ளி’தான், அதாவது ஒரு குடும்பக் கணக்கு.