பதவி வந்ததும் பலத்தைக் கழற்றி வைக்காதீர்கள்

பதவி உயர்ந்தபின் தலைமை வேண்டாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்களில், இந்த ஆண்டில் இவர் நான்காவது ஆள். பதவி உயர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "சேர், எனக்குத் தலைமை சரிவராது. பழைய வேலையையே திருப்பிக் கேட்கப்போகிறேன்" என்கிறார். அக்கரைப்பற்றுப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் முகாமையாளர்.

பலம் என்ன என்று கேட்டேன். நேர்மை, கடின உழைப்பு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். குறைகளைக் கேட்டதும் கொப்பியில் ஒரு பக்கம் நிரம்பியது. அவற்றைத் திருத்தத்தான் ஆறு மாதமாகக் கணினியும் ஆங்கிலமும் படித்தபடி அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

ஆலைக்குப் போனேன். பெரும்போக அறுவடை, வாசலில் லொறி வரிசை. நெல்லின் ஈரத்தைப் பற்றி ஒரு விவசாயிக்கும் தராசுக்காரருக்கும் வாய்த்தகராறு. என்னோடு நின்றவர் விறுவிறுவென்று போய் மூட்டைக்குள் கைவிட்டார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார். "காக்கா, இதற்கு இன்னும் ஒரு வெயில் வேண்டும். முற்றத்தில் விரியுங்கள், உங்கள் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன்." விவசாயி மறுபேச்சின்றி மூட்டையை அவிழ்த்தார்.

இதற்காகத்தானே இவரை முகாமையாளர் ஆக்கினார்கள்! முகாமையாளர் வாசலில் நின்றால் மதிப்புக் குறையும் என்று யாரோ சொன்னார்களாம்.

தன் பலத்தைத் தானே சொல்வது தற்பெருமை என்று நம் வீடுகளில் பழக்கிவிட்டார்கள். தயவுசெய்து இதை விடுங்கள். எனக்கு நெல் தெரியும் என்பது பெருமையடிப்பு அல்ல, தகவல். தச்சர் தன் உளி எது என்று அறிந்திருப்பது கர்வமா? 2004இல் உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் வகுத்த 24 குணப்பலங்களில் பணிவும் ஒன்று. பணிவு உள்ளவர் தன் பலத்தை அறியாதவர் அல்லர். அதை ஊதிப் பெருப்பிக்காதவர்.

பலம் தெரியவில்லையா? உங்களுக்குக் கீழே வேலை செய்யும் மூவரிடம், எந்தச் சிக்கலுக்கு என்னைத் தேடி வருகிறீர்கள் என்று கேளுங்கள். முக்கிய முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள். ஒன்பது, பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்ன வழி இது. எங்களுக்கு ஒரு பெரும்போகத்திலிருந்து அடுத்த பெரும்போகம் வரை என்று கணக்கு வைத்தால் போதும். கண்ட கண்ட செயலமர்வுக்கெல்லாம் ஓடாதீர்கள். கணினி படியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பலத்துக்கும் நாளில் ஒரு நேரம் குறியுங்கள். நேரம் கிடைத்தால் பார்ப்போம் என்று விட்டால் அது கிடைக்கவே கிடைக்காது.

அவருக்குக் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை குறித்திருக்கிறோம். தராசடியில் ஒரு நாற்காலி போட்டாயிற்று.